பாலியல் கல்வி: பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்விகள்

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாக அறிவியல் நடத்துகிறேன். எனக்கு ஒரு மகளும் ஒரு மகனும் உண்டு. பெற்றோர் ஆசிரியர் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பின், யாராவது ஒருவர் மட்டும் வாசலிலேயே நிற்பார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "டீச்சர், ஒரு விஷயம் கேட்க வேண்டும்" என்று தொடங்குவார். அப்படிக் கேட்கப்பட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும், அன்று சொல்லத் தவறி இன்று சொல்ல நினைப்பவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

பாலியல் கல்வி என்றால் உடலுறவு பற்றிச் சொல்லித்தருவதா?

அதுவும் ஒரு பகுதி. பதின்வயதில் வர வேண்டிய பகுதி. நான்கு வயதுப் பிள்ளைக்குப் பாலியல் கல்வி என்பது தன் உடல் உறுப்புகளின் பெயர். ஏழு வயதில், "எனக்குப் பிடிக்கவில்லை, தொடாதீர்கள்" என்று சொல்லலாம் என்ற தைரியம். பத்து வயதில், இனி உடலில் என்னென்ன மாறும் என்ற முன்னறிவிப்பு. பதினான்கில், ஈர்ப்பு, சம்மதம், கர்ப்பம் எப்படி உண்டாகிறது, நோய் எப்படித் தொற்றுகிறது என்பவை. "பாலியல்" என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குப் படுக்கையறை மட்டும் நினைவுக்கு வருகிறது. அதனால்தான் இந்தப் பேச்சு தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது.

இதைச் சொல்லித்தர வேண்டியது பள்ளியா, பெற்றோரா?

இருவரும்தான். யார் மனமும் நோகக்கூடாது என்பதற்காக இப்படிச் சொல்லவில்லை. அழுத்தமான காரணம் இருக்கிறது.

குழந்தையிடம் அத்துமீறுகிறவர் பெரும்பாலும் முகம் தெரியாத ஆள் அல்லர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பாருங்கள். குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில், பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர். உறவினராக, பக்கத்து வீட்டுக்காரராக, குடும்ப நண்பராக, சொல்லித்தருகிறவராக இருக்கிறார். அந்த ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்தால், அந்தக் குழந்தைக்கு இதைச் சொல்லித்தரும் பொறுப்பை வீட்டிடம் மட்டும் விட முடியுமா? அவர் பள்ளியில் இருந்தால், பள்ளியிடம் மட்டும் விட முடியுமா?

2021ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் ஆசிரியர்கள் மீதே அடுத்தடுத்துப் புகார்கள் எழுந்தன. என் தொழிலில் இருப்பவர்கள் பெயர் அப்படிச் செய்தித்தாளில் வந்த நாட்களில் வகுப்பறைக்குள் நுழையவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அதன் பிறகுதான் 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண்) இரண்டையும் பாடப்புத்தகங்களில் முத்திரையாகப் பதித்துத் தர ஏற்பாடு செய்தார்கள். வீட்டில் நடப்பதைப் பள்ளியில் சொல்லவும், பள்ளியில் நடப்பதை வீட்டில் சொல்லவும் குழந்தைக்கு இரண்டு வாசல்கள் வேண்டும். "இது குடும்ப விஷயம், பள்ளி தலையிடக் கூடாது" என்கிறவர்கள் ஒரு வாசலை அடைக்கிறார்கள். "அதெல்லாம் பள்ளியில் சொல்லித்தருவார்கள்" என்று ஒதுங்குகிறவர்கள் இன்னொன்றை அடைக்கிறார்கள்.

எங்கள் வகுப்பில் ஒரு பழைய சாக்பீஸ் பெட்டியின் மூடியில் கீறல் போட்டு வைத்திருக்கிறேன். பெயர் எழுதாமல் எந்தக் கேள்வியையும் சீட்டில் எழுதிப் போடலாம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பதில் சொல்வேன். "எனக்கு இன்னும் மீசை வரவில்லை, நான் ஆண்தானா?" "முத்தம் கொடுத்தால் கர்ப்பம் ஆகுமா?" "மாதவிடாய் இரத்தம் கெட்ட இரத்தமா?" எல்லாம் வந்திருக்கின்றன. ஒரு வாரம் நான்காக மடித்த சீட்டு ஒன்று வந்தது. அதில் ஒரே வரி: "மாமா வீட்டுக்கு வந்தால் நான் எங்கே தூங்குவது?"

அதை வகுப்பில் படிக்கவில்லை. "என்னிடம் தனியாகப் பேச நினைப்பவர்கள் மதிய உணவு வேளையில் ஆய்வகத்துக்கு வரலாம், எந்த நாளும் வரலாம்" என்று மட்டும் சொன்னேன். ஆய்வகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று நாட்கள் காத்திருந்தேன். நான்காம் நாள் வந்தாள். அன்று மாலையே 1098க்குப் பேசினோம். அந்த வீட்டில் அம்மா நல்லவர், பாசமானவர். ஆனால் அந்த மாமா அவருடைய கூடப்பிறந்த தம்பி. அவள் அம்மாவிடம் சொல்லாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பள்ளிப் பாடப்புத்தகத்தில்தான் இதெல்லாம் இருக்கிறதே?

இருக்கிறது. எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவமடைதல் பாடம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் தாவரங்கள், விலங்குகளின் இனப்பெருக்கம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் மனித இனப்பெருக்கமும் இனப்பெருக்க நலனும் விரிவாகவே இருக்கின்றன. ஆனால் புத்தகத்தில் இருப்பது வேறு, வகுப்பில் நடப்பது வேறு. நான் வேலைக்குச் சேர்ந்த ஆண்டு, பூவின் மகரந்தச் சேர்க்கையை இரண்டு பாடவேளை படம் போட்டு நடத்தினேன். மனித உறுப்புகள் வந்ததும், "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள், ஐந்து மதிப்பெண் கேள்வி வரும்" என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன். அந்த வகுப்பில் இருந்த ஒரு மாணவி அடுத்த ஆண்டே திருமணம் ஆகிப் போய்விட்டாள். இன்றும் அது என் மனத்தை உறுத்துகிறது.

ஆசிரியர்களைக் குறை சொல்லி மட்டும் பயனில்லை. எங்களுக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. 2020இல் தொடங்கிய மத்திய அரசின் பள்ளி நலவாழ்வுத் திட்டத்தின்படி ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியரும் ஓர் ஆசிரியையும் இதற்கெனப் பயிற்சி பெற வேண்டும். உங்கள் பிள்ளையின் பள்ளியில் அந்த இருவர் யார் என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். பெற்றோர் கேட்டால் பள்ளி பதில் சொல்லியாக வேண்டும். நாங்கள் கேட்டால் கோப்பில் போய்விடும்.

சொல்லித்தந்தால் பிள்ளைகள் கெட்டுப்போய்விட மாட்டார்களா?

இந்த அச்சம் பழையது, பரவலானது. 2005இல் மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2007க்குள் மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் உட்படப் பல மாநிலங்கள் அதை நிறுத்தின. 2009இல் மாநிலங்களவையின் மனுக்கள் குழுவும் இது நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்றே அறிக்கை தந்தது. தமிழ்நாட்டில் 2005இல் நடிகை குஷ்பு திருமணத்துக்கு முந்தைய உறவு குறித்தும் பாதுகாப்பு குறித்தும் ஒரு கருத்தைச் சொன்னதற்காக இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் போடப்பட்டன. உச்ச நீதிமன்றம் 2010இல் அத்தனையையும் தள்ளுபடி செய்தது.

அச்சத்துக்கு ஆதாரம் உண்டா என்று பல நாடுகளில் ஆய்வு செய்திருக்கிறார்கள். அவற்றைத் தொகுத்து யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, முறையான பாலியல் கல்வி பெற்ற பிள்ளைகள் அதனால் உறவை முன்கூட்டியே தொடங்குவதில்லை, தள்ளிப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. சென்னையைச் சேர்ந்த ஒருவர் குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாச வீடியோக்களைக் கைப்பேசியில் வைத்திருந்த வழக்கு அது. சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்த அந்த வழக்குக்கு மீண்டும் உயிர்கொடுத்த தீர்ப்பிலேயே, பாலியல் கல்வி ஒழுக்கக்கேட்டை வளர்க்கும் என்பது தவறான எண்ணம் என்று நீதிபதிகள் எழுதினார்கள்.

என் அனுபவம் இது: சீட்டுப் பெட்டி வைத்த பிறகு கழிப்பறைச் சுவரில் எழுதுவது குறைந்தது. கேட்க இடம் கிடைத்துவிட்டால் கிறுக்க வேண்டிய தேவை இல்லை.

உறுப்புகளுக்குச் செல்லப்பெயர் வைத்துச் சொன்னால் போதாதா?

போதாது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெயர். ஒரு வீட்டில் பறவைப் பெயர், இன்னொரு வீட்டில் தின்பண்டத்தின் பெயர். ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "அண்ணன் என் பணியாரத்தைத் தொட்டான்" என்று ஆசிரியையிடம் சொல்கிறாள். "பரவாயில்லை, பங்கு போட்டுச் சாப்பிடு" என்று அனுப்பிவிடுகிறார் ஆசிரியை. இதை ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டேன். கேட்ட அத்தனை பேரும் அப்படியே உறைந்து உட்கார்ந்திருந்தோம். அந்தக் குழந்தை சொல்லிவிட்டது. நமக்குத்தான் விளங்கவில்லை.

ஆண்குறி, பெண்குறி, மார்பு, ஆசனவாய், விதைப்பை. கண், மூக்கு என்று சொல்லும் அதே குரலில் சொல்லுங்கள். தாழ்த்திச் சொன்னால் குழந்தை அந்தத் தாழ்வையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும்.

"குட் டச், பேட் டச்" சொல்லித்தந்துவிட்டோம். போதுமா?

தொடக்கத்துக்குச் சரி. ஆனால் "கெட்ட தொடுதல் வலிக்கும்" என்று சொல்லிவைத்தால், வலிக்காத தொடுதலைக் குழந்தை எங்கே சேர்க்கும்? அத்துமீறுகிறவர் சாக்லேட் கொடுப்பார், தலையைக் கோதுவார், செல்லம் கொஞ்சுவார். அதனால் நான் இரகசியத்தைப் பற்றிப் பேசுகிறேன். "அம்மாவிடம் சொல்லாதே என்று யார் எதைச் சொன்னாலும், அதை அம்மாவிடம் சொல்ல வேண்டும்." இந்த ஒரு வரி ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரியும்.

இன்னொன்று. விருந்தினர் வந்தால், "தாத்தாவுக்கு ஒரு முத்தம் கொடு" என்று பிள்ளையைப் பிடித்துத் தள்ளாதீர்கள். வணக்கம் சொன்னால் மரியாதைக்குப் போதும். தன் உடம்பு தன்னுடையது என்று திங்கட்கிழமை சொல்லித்தந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அதை நாமே மீறக் கூடாது.

மகள் வயதுக்கு வரும் முன் சொல்ல வேண்டுமா, வந்த பிறகா?

முன்பே. பெண் குழந்தைகளின் உடலில் மாற்றம் எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயதுக்குள் தொடங்கலாம். ஐந்தாம் வகுப்பில் சொல்லிவிடுவது நல்லது. தனக்கு ஏதோ பெரிய நோய் வந்துவிட்டது என்று நினைத்து, இரத்தக்கறை பட்ட பாவாடையை யாருக்கும் தெரியாமல் குப்பையில் போட்டுவிட்டு நடுங்கிக்கொண்டு நின்ற ஆறாம் வகுப்புப் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன்.

நம் ஊரில் மஞ்சள் நீராட்டுக்கு மண்டபம் பிடிக்கிறோம், தாய்மாமன் சீர் வருகிறது, தெருமுனையில் மகளின் படம் போட்ட பேனர் நிற்கிறது. ஊருக்கெல்லாம் பத்திரிகை வைத்துச் சொல்கிறோம். அவளுக்கு மட்டும் என்ன நடந்தது என்று சொல்வதில்லை. "இனிமேல் பையன்களோடு பேசாதே" என்பதுதான் அவளுக்குக் கிடைக்கும் மொத்தப் பாடம். கருப்பையின் உட்சுவர் மாதந்தோறும் தடிக்கிறது; கரு உண்டாகாத மாதம் அது கரைந்து இரத்தமாக வெளியேறுகிறது. இதில் தீட்டும் இல்லை, கெட்ட இரத்தமும் இல்லை. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

நான் அப்பா. மகளிடம் இதைப் பேசலாமா?

தாராளமாக. மனைவியை இழந்த ஒருவர் என்னிடம் இதைத்தான் கேட்டார். முதல் வேலையாக, அவளுக்கு நாப்கின் நீங்களே வாங்கி வாருங்கள் என்றேன். மெடிக்கல் ஷாப்பில் அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுக் கொடுப்பார்கள். "சுற்ற வேண்டாம், அப்படியே கொடுங்கள்" என்று மகள் காதில் விழும்படி சொல்லச் சொன்னேன். அப்படியே செய்தார். அதற்குப் பிறகு மகள் தானாகவே அப்பாவிடம் கேட்கத் தொடங்கினாளாம்.

பையன்களுக்கு என்ன சொல்ல வேண்டியிருக்கிறது?

நிறைய. பெண் பிள்ளைகளிடம் யாராவது ஒரு அத்தையோ அக்காவோ அரைகுறையாகவேனும் பேசிவிடுகிறார்கள். பையன்களிடம் பேசுவது பஸ் நிலையக் கழிப்பறைச் சுவர்தான். "இளைஞர்களே, தவறான பழக்கமா? நரம்புத் தளர்ச்சியா?" என்று சுவரொட்டி. மாதத்தின் இன்ன தேதியில் இன்ன ஊர் லாட்ஜில் வைத்தியரைச் சந்திக்கலாம் என்ற அறிவிப்பு. நள்ளிரவுத் தொலைக்காட்சியிலும் அதே குரல்.

பதினொன்றாம் வகுப்பில் ஒரு மாணவன் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறிச் சம்பாதிக்கிற பையன். அந்தப் பணம் முழுக்க லேகிய டப்பாக்களுக்குப் போயிருக்கிறது. தூக்கத்தில் விந்து வெளியேறுவதை நோய் என்று நினைத்திருக்கிறான். ஒரு துளி விந்து பல துளி இரத்தத்துக்குச் சமம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தான் செத்துவிடுவோம் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தான். உடற்பயிற்சி ஆசிரியர் அவனை உட்காரவைத்துப் பேசினார்: "அது எல்லோருக்கும் வருவது. உடல் சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். மருந்து எதற்கு?" அவ்வளவுதான் சிகிச்சை.

இந்த வீண் அச்சத்தை மனநல மருத்துவர் நரேந்திர நாத் விக் 1960இலேயே ஆராய்ந்து "தாது நோய்க்குறி" என்று பெயரிட்டார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் லாட்ஜ் வைத்தியர்களுக்குக் கூட்டம் குறையவில்லை என்றால், அந்தக் கூட்டத்தை அனுப்பிவைப்பது நம் வீட்டு மௌனம்.

பையன்கள் பாதிக்கப்பட மாட்டார்கள் என்றும் நினைக்காதீர்கள். மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். 53 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலுக்கு உள்ளானதாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கும் சற்று மேற்பட்டோர் பையன்கள். யாரிடமும் சொல்லாதவர்களே அதிகம்.

போனில் ஆபாசப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். அடித்துவிட்டேன். வேறு என்ன செய்வது?

அடித்ததற்கு வருத்தம் தெரிவியுங்கள். ஊரடங்குக் காலத்தில் வகுப்புக்காக நாம்தான் போனைக் கையில் கொடுத்தோம். அதில் எல்லாமும் வரும் என்பதைச் சொல்லாமல் கொடுத்தோம். இப்போது சொல்லலாம்: அது நடிப்பு, அதில் வரும் உடலும் நடத்தையும் வாழ்க்கையில் இருப்பவை அல்ல, அங்கே யாரும் யாரிடமும் சம்மதம் கேட்பதில்லை. குழந்தைகள் இருக்கும் ஆபாசக் காட்சியை வைத்திருப்பதும் அனுப்புவதும் குற்றம் என்பதையும் சொல்லுங்கள். நண்பர்கள் குழுவில் வந்ததை மற்றவர்களுக்கு அனுப்பி மாட்டிக்கொள்ளும் மாணவர்களுக்கு இந்தச் சட்டம் இருப்பதே தெரிவதில்லை.

பிள்ளைகள் காதலித்தால் போக்சோ சட்டம் பாயுமா?

பாயலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காப்பதற்கான சட்டம் போக்சோ. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயது நிறையாதவர் சம்மதித்தாலும் சட்டத்தில் அது சம்மதம் ஆகாது. பத்தொன்பது வயதுப் பையனும் பதினேழு வயதுப் பெண்ணும் ஓடிப்போனால், பெண் வீட்டார் புகார் கொடுத்த மறுநாள் பையன் சிறையில் இருப்பான். இந்த வகை வழக்குகளைப் பார்த்துத்தான் 2019இல் சென்னை உயர் நீதிமன்றம், 16 வயதுக்கு மேற்பட்டவர்களின் சம்மத உறவை வேறுவிதமாகக் கையாளச் சட்டத்தைத் திருத்தலாம் என்று யோசனை சொன்னது. சட்டம் மாறவில்லை. இதை ஒன்பதாம் வகுப்பிலேயே இருபாலருக்கும் சொல்லிவிட வேண்டும் என்பேன். மிரட்டுவதற்காகச் சொல்ல வேண்டாம். தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்ல வேண்டும்.

குழந்தை வந்து, "அவர் என்னிடம் இப்படிச் செய்தார்" என்று சொன்னால்?

நம்புங்கள். "ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்று கேட்காதீர்கள். "நீ சொன்னது நல்லது, உன் மேல் தப்பு இல்லை" என்று சொல்லுங்கள். துருவித் துருவி விசாரிக்காதீர்கள்; அதே கதையைப் பாட்டியிடமும் பெரியம்மாவிடமும் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். அண்மையில் நடந்தது என்றால் குளிப்பாட்டாமல், துணியைத் துவைக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். காவல்துறைக் கடிதம் இருந்தால்தான் சிகிச்சை என்று அங்கே சொல்லக் கூடாது என்பது விதி.

1098க்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிப்பது கட்டாயம். தெரிந்தும் தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. நிறுவனத் தலைவராக இருந்து மறைத்தால் ஓராண்டு வரை. குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே, சீருடை அணியாத அதிகாரி பதிவு செய்ய வேண்டும். இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. குழந்தையின் பெயரையோ படத்தையோ யாரும் வெளியிடக் கூடாது. "மானம் போய்விடும்" என்று உறவினர் சொல்வார்கள். போக வேண்டிய மானம் செய்தவருடையது.

மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கு இதெல்லாம் தேவையா?

மற்றவர்களைவிட அதிகமாகத் தேவை. குளிக்கவும் உடுத்தவும் பிறர் கையை நம்பியிருக்கும் குழந்தைக்கு, எந்தத் தொடுதல் உதவி, எது அத்துமீறல் என்று பிரித்தறிவது கடினம். பேச வராத பிள்ளை என்றால் படம் காட்டிச் சொல்லித்தாருங்கள். குறிப்பாக "வேண்டாம்" என்பதற்கு ஒரு சைகையைப் பழக்குங்கள். அந்தச் சைகையை வீட்டில் எல்லோரும் மதியுங்கள்.

பதில் சொல்லத் தெரியாத கேள்வியைத் திடீரென்று கேட்டால்?

என் மகனுக்கு ஆறு வயது இருக்கும்போது, நிற்க இடமில்லாத டவுன் பஸ்ஸில், "அம்மா, நான் எப்படி உன் வயிற்றுக்குள் போனேன்?" என்று உரக்கக் கேட்டான். நான்கைந்து தலைகள் திரும்பின. "நல்ல கேள்வி. இறங்கியதும் சொல்கிறேன்" என்றேன். அவன் மறந்துவிடுவான் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை. மறக்கவில்லை. இறங்கியதும் கையைப் பிடித்து இழுத்தான்.

நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் உட்கார்ந்து சொன்னேன்: "அப்பா உடம்பிலிருந்து ஓர் உயிரணுவும் அம்மா உடம்பிலிருந்து ஒரு குட்டி முட்டையும் சேர்ந்தன. கடுகைவிடச் சின்னதாக நீ ஆனாய். அம்மா வயிற்றில் கருப்பை என்று ஒரு பை இருக்கிறது. அதற்குள் பத்து மாதம் வளர்ந்தாய்." கொஞ்ச நேரம் யோசித்தான். "அங்கே இருட்டாக இருந்ததா?" என்றான். "இருட்டுதான். ஆனால் என் குரல் உனக்குக் கேட்டிருக்கும்" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, எதிர்க் கடையில் கடலை மிட்டாய் வாங்கித்தரச் சொன்னான்.